ரிப்பன் கட்டிய மரம்

கொல்லைப் பக்கம் ரம்பம் உறுமிய சத்தம் தையல்காரிக்குக் கேட்டது. தைத்துக்கொண்டிருந்த துணியைப் போட்டுவிட்டு ஓடினாள்.

ஓடைக்கரையில் இரண்டு மரங்கள். ஒன்று பொந்து விழுந்து, மகள் படுக்கும் அறைமேல் சாய்ந்து நின்றது. மற்றது நிமிர்ந்து நின்று, வேரால் கரையை இறுகப் பிடித்திருந்தது. கரையோர மரத்தில் அனுமதியில்லாமல் கைவைக்கக் கூடாது. நேற்று அவள் இல்லாத நேரத்தில் அதிகாரி வந்து, ஒன்றை வெட்டலாம் என்று சொல்லி, சிவப்பு ரிப்பன் கட்டிப் போயிருந்தார்.

ரிப்பன் நிமிர்ந்த மரத்தில் இருந்தது. ரம்பமும் அங்கேதான்.

"அண்ணே, நிறுத்துங்க! சாஞ்சது அது இல்லையே!"

மரம் வெட்டுபவர் ரம்பத்தை அணைத்தார். "ரோட்டோர வேலையில எல்லாம் ரிப்பன் கட்டினதைத்தான் வெட்டுவோம், தங்கச்சி."

பக்கத்தில் நின்ற கணவனிடம் திரும்பினாள். "ஏங்க, அதிகாரி என்னதான் சொன்னாரு?"

கணவன் தலையைச் சொறிந்தான். "ஒண்ணை வெட்டலாம்னாரு. அதுக்குள்ள அடுப்புல பால் பொங்கிடுச்சு. திரும்பி வர்றதுக்குள்ள ஆளைக் காணோம்."

"நல்லாப் பார்த்துக்கிட்டீங்க வீட்டை!"

அலுவலகத்துக்குப் போன் போட்டாள். மூன்றாவது முறைதான் அதிகாரி எடுத்தார்.

"கரையில ரிப்பன் கட்டினா அதைத் தொடக்கூடாதும்மா. அது போனா கரையே சரிஞ்சிடும். தொடலையே?"

பட்டையைத் தாண்டி விரல் ஆழத்துக்கு வெட்டு இறங்கியிருந்தது.

"கொஞ்சம்... தொட்டுட்டாங்க சார்."

"எல்லாத்தையும் நிறுத்துங்க. நான் வந்து பார்த்துட்டுத்தான் அனுமதி உண்டா இல்லையான்னு சொல்வேன்."

மேற்கே வானம் இருண்டிருந்தது. அனுமதி போய்விட்டால் சாய்ந்த மரம் இன்றிரவும் மகள் தலைக்கு மேல்தான்.

கணவன் மெல்ல ரிப்பனைக் கீழே இழுத்து வெட்டை மூடினான். "லேசாத்தான் பட்டுச்சுன்னு சொல்லிக்கலாம். குனிஞ்சா பார்க்கப் போறாரு?"



கிழிசலை லேஸ் வைத்து மறைப்பது அவளுக்கு அன்றாட வேலை. ரிப்பன் அச்சாகப் பொருந்தியிருந்தது. வெட்டு எவ்வளவு ஆழம் என்று பார்க்காமல் அவர் போய்விட்டால், இந்த மரம் எத்தனை மழை தாங்கும்?

ரிப்பனை மேலே தள்ளினாள்.

"உனக்கென்ன பைத்தியமா? அனுமதி போச்சுன்னா?"

"பாப்பாவை நம்மகூடப் படுக்க வெச்சுக்கலாம். கரை போச்சுன்னா யார்கூடப் போய்ப் படுக்குறது?"

முதல் காற்று வீசியது. சாய்ந்த மரத்திலிருந்து ஒரு சுள்ளி கூரையில் விழுந்து உருண்டது. வாசலில் வண்டி நின்ற சத்தம் கேட்டது. உள்ளே போய் மகளின் பாயைச் சுருட்டி, பின்னாலேயே வந்த கணவன் கையில் திணித்துவிட்டு, அவள் அதிகாரிக்குக் கதவைத் திறக்கப் போனாள்.