மச்சான் முறை

பினாங்கில், ஜெலுத்தோங் வீட்டுக் கூடத்தில் அன்று மாலை இருந்தவர்கள் ஐந்து பேர். வீட்டுக்காரி நவமணி. அவளுடைய அண்ணன் சிவநேசன், எழுபத்தேழு வயது, துறைமுக அலுவலகத்தில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர், கோயில் நிர்வாகக் குழுவில் இருபது ஆண்டு செயலாளர். நவமணியின் மகள் காமினி, பிராங்க்ஃபர்ட்டிலிருந்து சாவுக்கு வந்தவள். சிவநேசனின் மகன் தயாளன், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு வந்திருந்தான். பக்கத்து வீட்டுச் சல்மா, தேநீர் கொடுக்க வந்தவள், கொடுத்துவிட்டுப் போகவில்லை. ஆறாவது ஆள் சுவரில் மாலைக்குள் இருந்தார்: நவமணியின் கணவர் ஹார்ட்முட். சொந்தக்காரர்கள் வாயில் அவர் பெயர் ஆறுமுத்து ஆகி வெகுகாலம் ஆயிற்று. பதினாறாம் நாள் காரியம் முந்தின நாள்தான் முடிந்திருந்தது.

காமினி கைப்பேசியைப் பார்த்துப் படித்தாள். அவள் அப்பா வேலை செய்த கேலிப் பத்திரிகையிலிருந்து கடிதம் வந்திருந்தது. அங்கே ஒரு வழக்கம் உண்டு. வரைந்தவர்களில் யார் இறந்தாலும் அந்த மாத இதழின் கடைசிப் பக்கம் அவருக்கு. ஆனால் புகழ்ந்து ஒரு சொல் எழுதக்கூடாது. கூட வேலை பார்த்தவர்கள் ஆளுக்கொரு கட்டம் எடுத்துக்கொண்டு இறந்தவரைக் கேலி செய்ய வேண்டும். நடுக்கட்டம் குடும்பத்துக்கு. குடும்பம் எதுவும் தராவிட்டால் அந்தக் கட்டம் வெள்ளையாகவே அச்சாகும். இன்று மாலை ஆறு மணிக்குள் அனுப்ப வேண்டுமாம்.

"வெள்ளையாவே போகட்டும்," என்றார் சிவநேசன். "செத்தவங்கள கேலி பண்ற வழக்கம் நம்ம குடும்பத்துல இல்ல."

நவமணி தலையை நிமிர்த்தினாள். "வெள்ளையா போனா என்ன அர்த்தம் தெரியுமாண்ணே? கேலி பண்ற அளவுக்குக்கூட வீட்ல யாருக்கும் இவன் மேல பாசம் இல்லன்னு அர்த்தம். அவரோட கூட்டாளி ஒருத்தருக்கு அப்படிப் போச்சு. அன்னிக்கு ராத்திரி அவர் சாப்பிடல. எனக்கு அப்படி ஆயிடக் கூடாதுன்னு சொன்னாரு."

தங்கையின் கணவர் என்ன தொழில் செய்தார் என்பதைச் சிவநேசன் வெளியே யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. தமிழ்ப் பத்திரிகைக்கு மரண அறிவிப்பு எழுதியபோதும் 'ஜெர்மனி நாட்டுப் பத்திரிகை ஓவியர்' என்றுதான் எழுதினார். கேலி என்ற சொல்லை விட்டுவிட்டார். காசெல் நகரத்தில் ஓர் இறைச்சிக் கடைக்காரரின் மகனாகப் பிறந்து, கடையின் பொட்டலத் தாளில் வாடிக்கையாளர்களையே வரைந்து அப்பாவிடம் அடி வாங்கியவர் ஹார்ட்முட். இருபத்து மூன்று வயதில் அந்தப் பத்திரிகையில் சேர்ந்து முப்பத்தேழு ஆண்டு, ஓய்வு பெற்று நவமணியோடு பினாங்கில் குடியேறும்வரை, அங்கேயே இருந்தார். ஒரு மந்திரியைக் குளிர்பதனப் பெட்டியாக வரைந்தார்: கதவைத் திறந்தால் விளக்கு எரிகிறது, உள்ளே ஒன்றுமில்லை. மந்திரி வழக்குப் போட்டு ஜெயித்தார். அடுத்த மாதமே தீர்ப்புச் சொன்ன நீதிபதியை, அந்தப் பெட்டியைப் பழுது பார்க்க வந்தவராக வரைந்தார். இதெல்லாம் சிவநேசனுக்குத் தெரியும். நீதிமன்றப் படி ஏறிய மாப்பிள்ளை என்று கல்யாண மண்டபத்தில் நாலு பேர் பேசக்கூடாது என்பதற்காகத் தெரியாதவர் போல இருந்தார்.

அவருக்கென்று தனியாக ஒரு மனக்குறையும் உண்டு. தயாளன் கல்யாணத்துக்குப் பரிசாக ஹார்ட்முட் குடும்பம் முழுவதையும் ஒரே படத்தில் வரைந்து சட்டம் போட்டுக் கொடுத்தார். அதில் எல்லோரும் மனிதர்களாக இருந்தார்கள். சிவநேசன் மட்டும் கொடிமரமாக, வளையாமல், உச்சியில் திருநீற்றுப் பட்டையோடு நின்றார். மண்டபமே சிரித்தது. மூன்று ஆண்டு சிவநேசன் இந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. ஹார்ட்முட்தான் தீபாவளிக்குத் தீபாவளி அவர் வீட்டுக் கேட்டருகே வந்து நின்று, கைகூப்பி, "வணக்கம், அண்ணே," என்பார். உள்ளே வா என்று சொல்லும்வரை நிற்பார்.

"மத்தவங்க அனுப்பினதைப் படிக்கிறேன்," என்றாள் காமினி. ஒருவர் எழுதியிருந்தார்: ஹார்ட்முட்டுக்குக் கை வரைய வராது. அதனால்தான் அவர் வரைந்த மந்திரிகள் எல்லோரும் கால்சட்டைப் பைக்குள் கையை விட்டிருந்தார்கள். நாடே அதை அரசியல் விமர்சனம் என்று நினைத்துக்கொண்டது.

நவமணி சிரித்தாள். பதினேழு நாளில் முதல் தடவை. சிரித்த வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள், ஆனால் தோள் குலுங்கியது. சிவநேசன் அதைப் பார்த்தார். பார்த்ததைக் காட்டிக்கொள்ளாமல் தேநீரைக் குடித்தார்.

"நீ எழுதேன்," என்றார் காமினியிடம்.

"மகள் அப்பாவ கேலி பண்ணலாமா மாமா? அம்மாவாலயும் முடியாது."

சல்மா வாசலோரம் இருந்து சொன்னாள்: "முறைன்னு பாத்தா உங்களுக்குத்தானேண்ணே இருக்கு. பொண்டாட்டி பண்ணக் கூடாது, மக பண்ணக் கூடாது. மச்சான் பண்ணலாம். எங்க பக்கமும் அப்படித்தான் லா."

"நான் அவருக்கு மச்சான் இல்ல. அண்ணே."

தயாளன்தான் அடக்க முடியாமல் சொன்னான்: "அப்பா, நீங்க அவருக்கு அண்ணேன்னா அத்தை அவருக்குத் தங்கச்சி. கல்யாணமே செல்லாது லா."

"வாய மூடுறா."

ஆனால் விஷயம் வெளியே வந்துவிட்டது. எண்பத்தேழில் ஹார்ட்முட் முதன்முதலாகப் பினாங்கு வந்து இறங்கியபோது, நவமணி சொல்லிக்கொடுத்தபடி, விமான நிலையத்தில் இரண்டு கைகளையும் விரித்து "மச்சான்!" என்றார். துறைமுகத்தில் லாரிப் பையன்கள், தமிழனும் மலாய்க்காரனும் சீனனும், ஒருத்தனை ஒருத்தன் நாளெல்லாம் மச்சா, மச்சா என்று கத்துவதைக் கேட்டுக் காது புளித்தவர் சிவநேசன். முகம் கறுத்துவிட்டது. "மரியாதையா அண்ணேன்னு கூப்பிடச் சொல்லு," என்றார். சுற்றி நின்ற பெண்கள் குனிந்துகொண்டார்கள். திருத்த யாருக்கும் துணிவில்லை. பிறகு தனக்கே அது உறைத்தபோது, சொன்ன சொல்லை மாற்றுவது கௌரவக் குறைவு என்று இருந்துவிட்டார்.

"பாவம், அவருக்கு முறை தெரியாது," என்றார் இப்போது.

"தெரியும்ணே," என்றாள் நவமணி. "அன்னிக்கே நான் சொல்லிட்டேன். திருத்த வேணாம்னுட்டாரு. உங்க அண்ணன் தப்பு பண்ணி நான் பாத்தது இது ஒண்ணுதான், இத நான் வச்சுக்கிறேன்னாரு. ஒவ்வொரு தடவ அண்ணேன்னு கூப்பிட்டுட்டு, கெரெட்டால ஏறி கார் கதவ சாத்தினதும் சிரிப்பாரு பாருங்க. கண்ல தண்ணி வந்துரும்."

சிவநேசன் தேநீர்க் குவளையைக் கீழே வைத்தார். கேட்டருகே கைகூப்பி நின்ற அத்தனை தீபாவளிகளும் வரிசையாக வந்தன. மழையில் நின்றது ஒன்று. குடை பிடித்தபடி ஒரு கையால் பாதிக் கும்பிடு போட்டது ஒன்று. அந்தக் குரலில் இருந்த பணிவைத் தன் உரிமை என்று முப்பத்தெட்டு ஆண்டு வாங்கிக்கொண்டிருந்தார். அதற்குள் அந்த மனிதன் ஒவ்வொரு தடவையும் முறைப்படி மச்சானைக் கேலி செய்துகொண்டிருந்திருக்கிறான். பதிலுக்கு ஒரு கேலி வரும் என்று காத்துக்கொண்டும் இருந்திருக்கலாம்.

எழுந்து நின்றார். "தாளும் பென்சிலும் குடு," என்றார் தயாளனிடம்.

நின்றுகொண்டே எழுதினார். இரண்டு முறை அடித்தார். மூன்றாம் முறை எழுதியதை நவமணியிடம் நீட்டினார். அவள் படித்தாள். தன் கணவரை அண்ணன் 'அவன்' என்று சொல்லி அவள் ஒருநாளும் கேட்டதில்லை. காமினி வாங்கி உரக்கப் படித்தாள்:

"முப்பத்தெட்டு வருஷம் என்னை அண்ணே என்று கூப்பிட்டான். மடையன். நான் அவன் மச்சான்."

சல்மா மூக்கை உறிஞ்சுவது கேட்டது. தயாளன் சிரிக்கவில்லை.

அந்த வரியைக் காமினிதான் எழுதினாள், பெரியவர் கையெழுத்து மட்டும் போட்டார் என்று லிட்டில் இந்தியாவில் இரண்டு மூன்று கடைகளில் பேசிக்கொள்கிறார்கள். அது பொய். காமினி செய்தது ஜெர்மன் மொழியில் மாற்றியது மட்டும். 'மடையன்' என்பதற்கு அவள் போட்ட சொல்லை அங்கே மேலதிகாரியிடம் சொல்லலாமா என்று சிவநேசன் கேட்டார். சிரித்துக்கொண்டே சொன்னால் தப்பில்லை என்றாள். அப்படியானால் அதில் மரியாதை மிச்சம் இருக்கிறது என்று சொல்லி அதை அடித்துவிட்டு, ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது, இன்னும் கடுமையான சொல் கேட்டு அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றவர் அவர்தான்.