இல்லாத ஆடு போட்ட இரட்டைக் குட்டி

கரகோல் நகரத்து ஆம்புலன்ஸ் நிலையத்தில் இருபத்தாறு வருஷமாக போன் எடுப்பவள் பூர்மகான். பிப்ரவரியில் ஒருநாள் தெரு மாறிப்போய், வண்டியை ஊரின் மறுகோடிக்கு அனுப்பிவிட்டாள். நோயாளி பிழைத்துக்கொண்டார். பூர்மகானுக்குத்தான் சனி பிடித்தது. நிலையத்தில் எல்லோருடைய யோசிக்கும் திறனையும் சோதிக்கச் சொல்லி தலைமை மருத்துவர் உத்தரவு போட்டார். எண்களைக் கேட்டுத் தலைகீழாகச் சொல்ல வேண்டும். ஐம்பதுக்கு முப்பது வந்தால் வேலை தப்பும். அவளுக்கு வந்தது இருபத்தொன்று. ஆறு வாரம் கழித்து மறுபடியும் சோதனை, அதிலும் கோட்டைவிட்டால் துணிக்கிடங்கில் போர்வை மடிக்கப் போக வேண்டியதுதான்.

அந்த ஆறு வாரத்துக்குப் பயிற்சி கொடுக்க தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து எமில்பெக் என்ற மனநல நிபுணன் வந்து இறங்கினான். மனசு சந்தோஷமாக இருந்தால் மூளை தானாகக் கூர்மையாகும் என்றான். ஆளுக்கொரு நோட்டைக் கொடுத்து, தினமும் நடந்த மூன்று நல்ல விஷயங்களை அதில் எழுதச் சொன்னான். திங்கட்கிழமைதோறும் எழுதிய நோட்டை வாங்கி வைத்துக்கொண்டு புது நோட்டு கொடுப்பானாம், எழுதியதை எல்லோர் முன்னாலும் வாய்விட்டுச் சொல்ல வைப்பானாம்.

பூர்மகானுக்குச் சுருக்கென்றது. நம் சந்தோஷத்தில் தலைமை மருத்துவருக்கு என்ன அக்கறை? 'வீட்டில் நன்றாகத்தானே இருக்கிறாய், அங்கேயே இரு' என்று அனுப்பவா? அது போகட்டும். தன் வீட்டு நல்லதைத் தன் வாயாலேயே ஊருக்குச் சொல்லிக் கண்பட வைத்துக்கொள்ளும் பைத்தியம் எங்கேயாவது உண்டா? எமில்பெக்கும் இந்த மண்ணில் பிறந்தவன்தான். வெளிநாட்டில் நாலு வருஷம் படித்ததில் புத்தி கழன்றுவிட்டது போலிருக்கிறது.

அவளிடம் ஒரு நல்லது இருந்தது. எட்டு வருஷம் குழந்தைக்காக ஏங்கிக் கிடந்த மகள் நுர்சாத்துக்கு இப்போது நாலாவது மாதம். கூடப்பிறந்த தங்கையிடம்கூட அவள் அதைச் சொல்லவில்லை. நோட்டிலா எழுதுவாள்?

ஆகவே பொய் எழுதினாள். காணாமல் போன ஆடு வீடு திரும்பியது என்று முதல் வாரம் எழுதி வைத்தாள். ஆடே கிடையாது, அவள் இருப்பது மூன்றாவது மாடியில். ஊரோரத்தில் மச்சினன் தொழுவத்தில் நிற்கிறது என்று ஒரு மச்சினனையும் சேர்த்துக்கொண்டாள். எமில்பெக் விடவில்லை. என்ன நிறம், எந்தக் கொம்பு உடைந்தது, சினையா என்று வாராவாரம் குடைந்தான். அவன் சந்தேகப்படுகிறான் என்றே அவளுக்குப் பட்டது. பழைய நோட்டுகள் அவனிடம் இருக்கின்றன, திரும்பிப் பார்க்க வழியில்லை. எல்லாவற்றையும் மண்டையில்தான் வைத்துக்கொள்ள வேண்டும். பழுப்பு ஆடு, இடது கொம்பு மொண்ணை, மார்ச் கடைசியில் இரட்டைக் குட்டி, ஒன்றுக்கு நெற்றியில் வெள்ளை. பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் ஜபம் மாதிரி முணுமுணுத்தாள்.

ஆறாவது வாரம் சோதனை நடந்தது. நாற்பத்து நாலு.

எமில்பெக்குக்குத் தலைகால் புரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை தொழுவத்துக்கு வந்து குட்டிகளோடு அவளைப் படம் எடுக்க வேண்டுமாம், அறிக்கைக்கு. பூர்மகானுக்கு ஞாயிற்றுக்கிழமை அம்பலப்படுவதைவிட இன்றைக்கே சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

"ஆடு இல்ல தம்பி," என்றாள்.

"வித்துட்டீங்களா?"

"இருந்தாத்தானே விக்கிறதுக்கு. அந்த மச்சினனும் கிடையாது."

அவன் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தான். அலமாரியைத் திறந்து பதினோரு பேருடைய நோட்டுகளையும் மேஜையில் போட்டான். இந்த நிலையத்தில் மட்டும் ஆறு வாரத்தில் முப்பத்தெட்டு குட்டிகள் பிறந்திருப்பதாகக் கணக்கு வருகிறது, தனக்கும் இடித்துக்கொண்டேதான் இருந்தது என்றான். டிரைவருடைய குதிரை இரண்டு தடவை குட்டி போட்டிருக்கிறதாம். பூர்மகானுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க பயமாகவும் இருந்தது.

"என் மார்க்கு போயிடுமா?"

"சோதனையில கேட்டது எண்ணைத்தான் அக்கா, ஆட்டை இல்ல. நாற்பத்து நாலு நாற்பத்து நாலுதான். உங்க நாற்காலியை யாரும் தொட முடியாது."

அவளுக்கு மூச்சு வந்தது. அவன் மட்டும் நகரவில்லை, பேனாவை உருட்டிக்கொண்டே இருந்தான்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. பொய்யை ஞாபகம் வச்சுக்கிட்டதுல வந்த மார்க்கா இது? இல்ல நிஜமாவே இந்த ஆறு வாரமா சந்தோஷமா இருந்தீங்களா? எனக்கு அது தெரிஞ்சாகணும்."

பூர்மகான் யோசித்தாள். விடியும் முன்பே தானாக விழிப்பு வந்த நாட்கள். மகளுக்குச் சூப் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, படியேறிய களைப்பே தெரியாமல் வேலைக்கு வந்த நாட்கள். யார் எந்தத் தெருவைச் சொன்னாலும் அது கண்முன்னால் விரிந்த நாட்கள். ஆடு வேண்டுமானால் பொய். இவை எதுவும் பொய்யில்லை.

சொன்னால் பையன் பிழைத்துப்போவான். ஆறு வார உழைப்பு வீண் போகாது. அவன் முகத்தைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.

"சந்தோஷமா? எனக்கென்ன சந்தோஷம் தம்பி. முட்டி வலிக்குது, ராத்திரி தூக்கமில்ல. மார்க்கு வந்தது அந்த ஆட்டாலதான். அப்படியே எழுதிக்கோ."

அவன் எழுதிக்கொண்டான். நோட்டுகளை அள்ளிக்கொண்டு வெளியே போனான். கதவு சாத்தும் வரை காத்திருந்த பூர்மகான், கண்பட்டுவிடாமல் இருக்க, சட்டைக் கழுத்தை இழுத்து உள்ளே மூன்று முறை தூ, தூ, தூ என்று துப்பிவிட்டு, மணியடித்த போனை எடுத்தாள்.