மஸ்தூரா என்று சொன்னோம்

விடிவதற்குள் பறித்தாக வேண்டும். வெயில் பட்டால் மல்லிகையின் வாசம் போய்விடும். நெற்றியில் கட்டிய விளக்கோடு, பனியில் நனைந்து, இடுப்பு ஒடியப் பறித்துவிட்டுத் தராசடிக்கு வந்தோம். தோட்ட முதலாளி ஹாஜி பய்யூமி நின்றிருந்தார். பக்கத்தில் சமாஹ். எங்களோடு பூப்பறித்துச் செத்துப்போன அஸீஸாவின் மகள். கெய்ரோவில் படித்துவிட்டு, ஹாஜியின் அத்தர் கம்பெனியில் ஆய்வாளராக இருக்கிறாள்.

"இந்த மாசத்தோட மத்தியான வகுப்பை நிறுத்துறோம்," என்றார் ஹாஜி.

காலையில் பூப்பறிக்கும் எங்கள் பெண்பிள்ளைகளுக்குக் கம்பெனி நடத்திய வகுப்பு அது. அது போனால் என் மகள் நஜ்லாவின் படிப்பு ஆறாவதோடு சரி.

"ஏன் ஹாஜி?"

"ஏழைப் பிள்ளைங்களுக்குன்னு ஆரம்பிச்சது. இந்த ஊர்ல ஏழையே இல்லையாமே! நான் சொல்லல, சமாஹோட ஆய்வு சொல்லுது."

சமாஹ் தரையைப் பார்த்தபடி சொன்னாள்: "போன வருஷம் ஆஸ்பத்திரிக் கணக்கெடுப்புக்கு வந்து 'பொழப்பு எப்படி'ன்னு கேட்டாங்கல்ல சின்னம்மா? அந்தப் பதிலைத்தான் நான் எடுத்துக்கிட்டேன். எல்லா வீட்லயும் 'மஸ்தூரா'ன்னு சொல்லியிருக்கீங்க. 'போதுமான வருமானம்'னு பதிஞ்சிருக்காங்க."

மஸ்தூரா என்றால் மானம் மூடியிருக்கிறது, அவ்வளவுதான். அடுப்பில் ஒன்றும் இல்லாதவளும் வாசலில் நிற்கும் அந்நியனிடம் அதைத்தான் சொல்வாள். கேட்டவன் வெளியூர்க்காரன், அவனுக்குத் தெரியாது. இவளுக்குத் தெரியும்.

"உங்கம்மாவும் சாகுறவரைக்கும் மஸ்தூரான்னுதானேடி சொன்னா? அன்னிக்கு உங்க வீட்ல என்ன இருந்துச்சு?"



"பேச்சு போதும். பூவை எடைக்கு வைங்க," என்றார் ஹாஜி.

உம்மு வஹ்தான் கூடையைத் தரையில் வைத்து, அதன் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். எங்களிலேயே ரோஷக்காரி, பக்கத்து வீட்டில் உப்புக்கூடக் கேட்காதவள்.

"இப்ப எழுதிக்கோ சமாஹ். நேத்து ராத்திரி எங்க வீட்ல அடுப்பு எரியல."

சொன்னவள் முகம் கருத்துப்போயிருந்தது. நானும் உட்கார்ந்தேன். சொல்ல நாக்கூசியது, சொன்னேன்.

"ரெண்டு பிள்ளைக்கும் ஒரே சோடி செருப்பு. சின்னவ காலையில பள்ளிக்கூடத்துக்குப் போட்டுட்டுப் போயி வந்து கழட்டினாத்தான் நஜ்லா வகுப்புக்குப் போவா."

"எங்க வீட்ல ரொட்டிக்குத் தொட்டுக்க வெறும் டீதான்," என்றாள் இன்னொருத்தி.

"பைத்தியமா புடிச்சிருக்கு? பூ வாடுது! உங்க கூலியும் சேர்ந்துதான் போகும்!" என்று கத்தினார் ஹாஜி.

"போகட்டும் ஹாஜி. வகுப்பு நடக்கும்னு சொல்லுங்க, கூடையைத் தூக்குறோம்," என்றாள் உம்மு வஹ்தான்.

வெயில் கூடைகளின்மேல் ஏறியது. ஹாஜி போனை எடுத்துக்கொண்டு காருக்கும் தராசுக்குமாக நடந்தார். சமாஹ் ஒரு எழுத்தும் எழுதவில்லை. எழுதாவிட்டால் போகிறாள். ஒருத்தி வீட்டு நிலைமையை ஒருத்தியிடம் மறைத்தே வாழ்ந்தவர்கள் நாங்கள். அன்று கடைசிக் கூடைக்காரியும் சொல்லி முடித்த பிறகும் ஒருத்திகூட எழுந்திருக்கவில்லை.