பன்னீர்ச் செம்பும் ஒரு வரியும்

சந்திரகலா பன்னீர்ச் செம்பைப் பிடித்துக்கொண்டு அப்பா தம்புசாமியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேடையில் அவர் வரவேற்புப் பத்திரம் வாசித்துக்கொண்டிருந்தார். இன்னும் நாலு வரிதான். ‘கருணைக் கடலே’ முடிந்து ‘கற்பக விருட்சமே’ வருவதற்கு முன்னால், அவர் எழுதாத ஒரு வரி உட்கார்ந்திருந்தது. எழுதியது அவள்.

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸ் சங்கத்துக்கு தம்புசாமிதான் காரியதரிசி. எந்தப் பெரிய மனிதர் வந்தாலும் பத்திரம் எழுதுவது அவர்தான். ஆனால் அவர் கையெழுத்து அச்சாபீசில் யாருக்கும் விளங்காது. அதனால் சுத்தப் பிரதி எடுப்பது மகளின் வேலை. பதினெட்டு வயதில் அவளுக்குச் சங்கத்தில் கிடைத்த பதவி அது ஒன்றுதான்.

அவளும் தோழி புஷ்பவல்லியும் சங்க மண்டபத்தில் சாயங்கால வகுப்பு நடத்தினார்கள். பகலெல்லாம் வீட்டுவேலையில் கிடக்கும் பெண்பிள்ளைகள் ஒன்பது பேர் வந்து எழுத்துக் கூட்டிப் படித்தார்கள். ஏழரைக்கு வகுப்பு விட்டால் மண்டபத்துச் சந்து கும்மிருட்டு. ஒரு நாள் புஷ்பவல்லி சிலேட்டுக் கட்டோடு சந்தோரத்து லோங்காங்குக்குள் விழுந்தாள். இடுப்பு வரை சாக்கடையோடு எழுந்து நின்று, "சிலேட்டு ஒண்ணுகூட ஒடையலடி" என்றாள். மறுநாளிலிருந்து பல அம்மாக்கள் பிள்ளைகளை அனுப்பவில்லை. நாலே பேர் மிச்சம். இந்த மாதத்தோடு வகுப்பை மூடிவிடலாம் என்றது கமிட்டி.

சந்துக்கு ஒரு விளக்கு வேண்டும் என்று பத்திரிகைக்கு நாலு கடிதம் போட்டாள். ஒன்றும் அச்சாகவில்லை. அப்பாவிடம் சொன்னாள், பார்க்கலாம் என்றார். கமிட்டியில் கேட்டாள். இதெல்லாம் சின்னப் பிள்ளைகள் பேசுகிற விஷயமா என்று தலைவர் காப்பியை ஆற்றிக்கொண்டே சிரித்தார். சட்டசபை மெம்பர் வருகிறாரே, அவரிடம் பேச அஞ்சு நிமிஷம் கேட்டாள். பன்னீர் தெளிக்கிற வேலையைக் கொடுத்தார்கள்.

அப்பா அந்த வரிக்கு வந்துவிட்டார்.

"மண்டபத்துச் சந்தின் இருட்டுக்கு அஞ்சி எங்கள் பெண்பிள்ளைகள் படிப்பை விட்டு நிற்க..."

குரல் தடுக்கியது. கண்ணாடிக்கு மேலாக மகளைப் பார்த்தார். அவள் செம்பைப் பார்த்தாள். மஞ்சள் பட்டில் அச்சாகிவிட்டது, எதிரே முந்நூறு பேர். சோடாவை எடுத்து ஒரு வாய் குடித்தார். பிறகு முன்னைவிடச் சத்தமாக வாசித்தார்.

"சானிட்டரி போர்டில் சொல்லி அங்கே விளக்குப் போட்டுத் தரப்போகும் ஒளி வள்ளலே!"

கூட்டம் வழக்கம்போலக் கை தட்டியது. மெம்பர் கண்ணை மூடித் தலையாட்டினார். கேட்டுத்தான் ஆட்டினாரா, தூக்கத்தில் ஆட்டினாரா என்று தெரியவில்லை. எழுந்ததும், எல்லா ஊரிலும் சொல்வதையே இங்கேயும் சொன்னார்.

"இப்பத்திரத்தில் நீங்கள் கூறிய அனைத்தையும் நிறைவேற்றியே தீருவேன்."

மூன்றாம் நாள் பத்திரிகை வந்தது. கடிதத்தைத் தொடாத பத்திரிகை, வரவேற்புப் பத்திரம் என்றால் ஒரு புள்ளி விடாமல் போடும். இடது பக்கம் பத்திரம், வலது பக்கம் மெம்பரின் பதில். கிள்ளானிலிருந்து யாரோ இரண்டு பேர், விளக்கு எப்போது எரியும், எங்கள் தெருவுக்கும் ஒன்று கிடைக்குமா என்று மெம்பருக்கே எழுதினார்களாம்.

தம்புசாமி இரண்டு நாள் மகளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் சாப்பிடும்போது கேட்டார்.

"ஒளி வள்ளலேன்னு எங்கேர்ந்து புடிச்ச?"

"நீங்கதாம்பா போன வருஷம் டாக்டருக்கு எழுதினீங்க."

ரசத்தை ஊற்றிப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னேம்பா. மூணு தடவ."

அவர் மோருக்குக் கையை நீட்டினார்.

பத்திரிகையிலேயே வந்துவிட்டதால் கமிட்டி வகுப்பை மூடுவதைத் தள்ளிவைத்தது. அடுத்த மாதம் போர்டு ஆட்கள் வந்து சந்தில் ஒரு குழி தோண்டினார்கள். விளக்குக் கம்பத்தை ஓரமாகக் கிடத்திவிட்டுப் போனவர்கள் திரும்பி வரவில்லை. குழியில் மழைத்தண்ணீர் நிறைந்தது. ஆனாலும் கம்பத்தைப் பார்த்த தைரியத்தில் மூன்று அம்மாக்கள் அரிக்கேன் விளக்கோடு பிள்ளைகளை அனுப்பினார்கள். குழியில் விழாமலிருக்கப் பிள்ளைகள், ஓரமாகக் கிடந்த கம்பத்தின்மேல் கையை விரித்து நடந்துதான் வகுப்புக்கு வந்தார்கள். "விழுந்தா சிலேட்ட மேல தூக்கிக்க" என்று புஷ்பவல்லி பின்னாலிருந்து சொல்லிக்கொடுத்தாள்.

ஈப்போவிலிருந்து யாரோ வருகிறார்கள் என்று, ஒரு சாயங்காலம் அப்பா புதுப் பத்திரத்தை மேசையில் வைத்துவிட்டு வெளியே போனார். சந்திரகலா பேனாவை மையில் தோய்த்துப் பிரதி எடுக்க உட்கார்ந்தாள். ‘கருணைக் கடலே’ முடிந்திருந்தது. அதன் கீழே நாலு விரல் அகலத்துக்குக் காகிதம் வெறுமையாக விடப்பட்டிருந்தது. அதற்கப்புறம்தான் ‘கற்பக விருட்சமே’.