ஓட்டல் கூரைக்கு ஒரு விமானம்

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. கடைவாய்ப் பல்லுக்கு வேர் சிகிச்சை நடந்த நாட்களில், வாயைப் பிளந்துகொண்டு படுத்திருந்த என்னிடம் என் பல் டாக்டர் சொன்னது இது. வாய்க்குள் பஞ்சும் குழாயும் இருந்ததால் என்னால் ஒரு கேள்வி கூடக் கேட்க முடியவில்லை. நான் "ஆ" என்றால் அவர் அதை "அப்புறம்?" என்று எடுத்துக்கொண்டார். குறுக்கே பேசாமல் நான் முழுசாகக் கேட்ட ஒரே கதை இதுதான் என்கிறாள் என் மனைவி.

அதனால் கதையில் ஓட்டைகள் உண்டு. அவர் என் பல்லை அடைத்தார், நான் அவர் கதையை அடைத்திருக்கிறேன். அடைத்த இடங்களை முடிந்தவரை காட்டிவிடுகிறேன்.

2

தொடக்கத்துக்கே பெரும்பாடு. முதலில் எழுதியது:

நீல வானில் ஒரு வெள்ளைப் பறவையைப் போல

(இந்த வாக்கியத்தை இதற்கு மேல் கொண்டுபோக எனக்குத் தெம்பில்லை. விமானத்தின் நிறமும் வெள்ளை அல்ல, மங்கிய மஞ்சள்.)

அடுத்தது:

சிறிய ரக விமானங்களுக்கான விதிமுறைகள் அண்மைக் காலமாகக் கடுமையாக்கப்பட்டு வரும் நிலையில்

இதை எட்டிப் பார்த்த மனைவி, கரண்ட் பில்லின் பின்பக்கம் மாதிரி இருக்கிறது என்றாள். பிறகு கேட்டாள்: "பிளேன் வெச்சிருக்கறவங்க கஷ்டத்துக்கு யாருங்க அழப்போறா?"

நியாயமான கேள்வி. எனவே கதையைக் கொஞ்சம் நிறுத்தி ஒரு விளக்கம். சின்ன விமானம் என்றதும் கோட்டு சூட்டு போட்ட கனவான் நினைவுக்கு வந்தால் அழித்துவிடுங்கள். இது நாலு பேர் முழங்காலை மடக்கி உட்காரக்கூடிய, டாக்டரைவிட வயதில் மூத்த, ஒற்றை எஞ்சின் வண்டி. நல்ல செகண்ட் ஹேண்ட் காரின் விலைக்கு வாங்கியது. வாங்குவதில் சிரமமில்லை, வைத்துக்கொள்வதில்தான் இருக்கிறது. அதை நிறுத்தும் கொட்டகைக்கு வாடகை. பறக்காவிட்டாலும் இன்ஷூரன்ஸ். வருடா வருடம் எஞ்சினைப் பிரித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட ஒருவர். அவர் போட்டது சரிதானா என்று பார்க்க இன்னொருவர்.

(இந்தப் பத்தி கட்டுரை மாதிரி ஆகிவிட்டது. இருக்கட்டும். இனி ஆட்கள் வருகிறார்கள்.)

3

டாக்டரோடு சேர்ந்து அந்த விமானத்தைப் பாதிக்குப் பாதி வாங்கியவர் அவருடைய நாத்தனார், அதாவது கணவரின் தங்கை. டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர்.

இந்த நாத்தனார் மேல் எனக்கு முதலில் சந்தேகம் இருந்தது. கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவர் விமானமும் ஓட்டுகிறார் என்றால் வாசகர்கள் நான் ஜோடித்தேன் என்பார்கள். அவரைத் தையற்கடைக்காரி ஆக்கிப் பார்த்தேன். சரிவரவில்லை. தினமும் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, தன் காலடியில் தனக்கென்று ஒரு பிரேக் வைத்திருக்கும் பெண் அவர். அடுத்தவர் ஓட்டும்போது அவர் கால் தானாகத் தரையை மிதிக்கும். தையற்கடைக்காரிக்கு அந்தக் கால் கிடையாது. டாக்டர் சொன்னபடியே விட்டுவிட்டேன்.

தரையில் இருவருக்கும் ஒத்துப்போகாது. யார் வீட்டுப் பிள்ளை ஒழுங்காகப் படிக்கிறது, மாமியாரை ஆஸ்பத்திரிக்கு யார் கூட்டிப் போவது என்று எதிலும் ஒரு உரசல். நடுவில் டாக்டரின் கணவர் பேப்பரை விரித்துப் பிடித்துக்கொள்வார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மேலே போய்க் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டால் கதையே வேறு. தன் கல்யாணம் முறியப்போகிறது என்பதை நாத்தனார் முதலில் சொன்னது அங்கேதான். கிளினிக்கை மூடிவிட்டு எங்கேயாவது ஓடிப்போகலாமா என்று டாக்டர் ஒரு வருடம் யோசித்ததும் நாத்தனாருக்கு மட்டுமே தெரியும். இறங்கிய பிறகு அந்தப் பேச்சை இருவருமே எடுக்க மாட்டார்கள்.

மேலே ஏற்றுவது டாக்டர், இறக்குவது நாத்தனார். இது எழுதாத ஒப்பந்தம். டாக்டருக்கும் லைசென்ஸ் உண்டு, தரை நெருங்க நெருங்கக் கை நடுங்கும் என்பதுதான் விஷயம். (பல் பிடுங்கும்போது நடுங்காதா என்று கேட்க நினைத்தேன். வாயில் பஞ்சு.)

4

பிறகு எல்லாம் ஒரே வருடத்தில் வந்தது. கொட்டகை வாடகை ஏறியது. விமானம் எங்கே இருக்கிறது என்று எந்நேரமும் சொல்லிக்கொண்டிருக்கும் ஒரு கருவியைக் கட்டாயமாக்கினார்கள். அதன் விலையைக் கேட்ட நாத்தனார், எங்கே இருக்கிறோம் என்று நாமே போன் பண்ணிச் சொல்லிவிடலாமே என்றாராம். கடைசியாக, விமானம் ஓட்டுகிறவர்களுக்குப் புது மருத்துவப் பரிசோதனை வந்தது. நாத்தனாரின் இதயம் நடுவில் அவ்வப்போது ஒரு துடிப்பைத் தாண்டிக் குதிப்பது அதில் தெரிந்தது. ஆபத்தில்லை, கார் ஓட்டலாம், விமானம் கூடாது என்றார்கள்.

விற்றுவிடலாம் என்று முதலில் சொன்னது நாத்தனார்தான். டாக்டர் கணக்குப் போட்டுப் பார்த்து ஒப்புக்கொண்டார். பறப்பதற்காக வாங்க யாரும் வரவில்லை. வந்தவர் ஒரு ஓட்டல்காரர். நெடுஞ்சாலை ஓரம் புதிதாகக் கட்டிய ஓட்டலின் கூரை மேல் விமானத்தை நிறுத்தினால், போகிற கார்களின் பின்சீட்டில் இருக்கும் பிள்ளைகள் அடம்பிடித்து வண்டியை நிறுத்த வைக்கும் என்பது அவர் கணக்கு. இது பறக்குமா என்று சந்தேகமாகக் கேட்டார். பறக்கும் என்றார் டாக்டர். "பறக்காதுன்னா இன்னும் நல்லதுங்க. பறக்கற சாமான்னா ஆயிரம் கேள்வி கேக்கறாங்க" என்றார் அவர்.

அட்வான்ஸ் வாங்கியாயிற்று. ஓட்டலுக்குப் பக்கத்தில், வயல்களுக்கு மருந்து தெளிக்கும் ஒரு கம்பெனியின் புல்தரை ஓடுபாதை இருந்தது. அங்கே கொண்டுவந்து இறக்கினால் இறக்கையைக் கழற்றி லாரியில் ஏற்றிக்கொள்வதாகப் பேச்சு.

5

கடைசிப் பயணத்தில் டாக்டர் ஓட்டினார். நாத்தனார் பயணி.

(இந்த இடத்தில் மேகங்களைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருந்தேன். நன்றாகத்தான் வந்திருந்தது. டாக்டர் மேகத்தைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை என்பதால் எடுத்துவிட்டேன்.)

புல்தரை தெரிந்தபோது பக்கவாட்டுக் காற்று விமானத்தைத் தள்ளியது. டாக்டரின் கை நடுங்கத் தொடங்கியது. யாரும் பார்க்கப்போவதில்லை, நீயே இறக்கிவிடு என்று கெஞ்சினார். நாத்தனார் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அவற்றின் மேல் உட்கார்ந்துகொண்டார்.

"நான் பயணி அண்ணி. எதையும் தொடக் கூடாது. ஆனா பயணி பேசக் கூடாதுன்னு சட்டம் இன்னும் வரல."

"பேசேன்."

"கீழ பாக்காதீங்க. பாதையோட கடைசில ஒரு மரம் நிக்குது பாருங்க, அதையே பாருங்க. கையை இறுக்காதீங்க. பல்லு புடுங்கும்போது பேஷன்ட்கிட்ட சொல்வீங்களே, அத உங்களுக்கே சொல்லிக்கங்க."

ஒன்றுமில்லை, இதோ முடிந்துவிட்டது என்று டாக்டர் உரக்கச் சொல்லிக்கொண்டார். சக்கரம் தரையைத் தொட்டு எகிறியது. நாத்தனாரின் கால் இல்லாத பிரேக்கை மிதித்தது. மறுமுறை தொட்டபோது விமானம் தரையிலேயே தங்கி, குலுங்கி ஓடி, நின்றது.

எஞ்சினை அணைத்தும் இருவரும் இறங்கவில்லை. டாக்டர் சிரித்தார், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இத வித்துட்டா நாம வெறும் சொந்தக்காரங்களா ஆயிடுவோம்" என்றார்.

நாத்தனார் என்ன பதில் சொன்னார் என்று எனக்குத் தெரியாது. (அந்த நேரம் பார்த்து டாக்டர் எனக்கு ஊசி போட்டார். பதில் ஒன்றை நானே எழுதிப் பார்த்தேன், நாலு விதமாக. எதுவும் அவர் குரலில் இல்லை.)

6

லாரியும் ஆட்களும் தயாராக இருந்தார்கள். ஓட்டல்காரர் மட்டும் போனைக் காதில் வைத்தபடி முகம் வாடி வந்தார். தீயணைப்பு அதிகாரி ஒரு புது விதியைச் சொல்லியிருக்கிறார். டேங்க்கில் பெட்ரோலோடு விமானத்தை லாரியில் ஏற்றக் கூடாது, கூரைக்குக் கொண்டுபோகவும் கூடாது.

டேங்க்கில் இன்னும் பெட்ரோல் நிறையவே இருந்தது. காலையில் விளிம்புவரை நிரப்பியது நாத்தனார். பழக்க தோஷமா, வேண்டுமென்றேவா என்று எனக்குத் தெரியவில்லை. டாக்டருக்கும் தெரியாது என்றே நினைக்கிறேன்.

குழாய் வைத்து இறக்கலாம் என்றால் பிடித்துவைக்க டின் இல்லை. மண்ணில் கொட்டினால் அதற்கும் ஒரு விதி இருக்கிறது என்றார் கம்பெனி மேலாளர். ஓட்டல்காரர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"அதுக்கென்ன, தரைக்கு வர்ற அளவு வெச்சுக்கிட்டு மிச்சத்தைச் செலவு பண்ணிட்டு வர்றோம். ஏறுங்க அண்ணி" என்றார் நாத்தனார்.

இத்தனை வருடத்தில் ஒரு விதி அவர்களுக்குச் சாதகமாக வந்தது அதுதான் முதல் தடவை.

7

இனி முடிவு. டாக்டர் அதையும் சொன்னார். எனக்குத் தெரியும்.

ஒரு பிரதியில் அவர்கள் புல்தரைக்கே திரும்பி வருகிறார்கள். விமானம் கூரை ஏறுகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அதன் நிழலில் ஒரு மேஜையைப் பிடித்து உட்கார்ந்து, ஹெட்போன் இல்லாமல் பேசிப் பழகுகிறார்கள். மனைவிக்கு இது பிடித்தது. செலவில்லாத முடிவு என்றாள். இன்னொரு பிரதியில் நேரே வீட்டுக்குப் பறக்கிறார்கள், அட்வான்ஸைத் திருப்பிக் கொடுக்கிறார்கள், கொட்டகை வாடகைக்காக டாக்டர் கிளினிக்கை இன்னும் ஒரு மணி நேரம் கூடுதலாகத் திறந்து வைக்கிறார். இரண்டில் ஒன்றுதான் நடந்தது. எதுவென்று எழுதப் போனேன். கை வரவில்லை, இப்போது மேலே அவர்கள் இருக்கும் நிலையை நினைத்துப் பார்த்தால்.

நாத்தனார் ஏதோ ரகசியம் சொல்ல ஆரம்பித்துவிட்டார். டாக்டர் கேட்டுக்கொண்டே ஓட்டுகிறார். கை நடுங்கவில்லை. கீழே ஓட்டல்காரர் அண்ணாந்து பார்க்கிறார். இடப்பக்கம் திரும்பினால் லாரி, வலப்பக்கம் திரும்பினால் வீடு.

"எந்தப் பக்கம் அண்ணி?"

டாக்டர் என்னைப் பார்க்கிறார். நான் உங்களைப் பார்க்கிறேன். நிதானமாக யோசியுங்கள் என்று சொல்லலாம்தான், ஆனால் பெட்ரோல் விற்கிற விலைக்கு அது கட்டுப்படியாகாது.