இல்லாத காற்றின் மலை

ஒரே தாளில் ஒருவன் எத்தனை முறை தோற்கலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. நான் அதன் விளிம்பில் நின்றேன். டிப்ளமோவில் மிச்சமிருந்த நுண்கணிதத் தாளுக்கு இது கடைசி வாய்ப்பு. விட்டால், ஆஸ்பத்திரி இயந்திரங்களைப் பழுது பார்க்கும் எங்கள் பட்டறையில் ஆயுளுக்கும் உதவியாள்தான். வகையிடலும் தொகையிடலும் ஒன்றுக்கொன்று எதிர் என்பதைக் கிளிப்பிள்ளையாகச் சொல்வேன். ஏன் என்று கேட்டால் கிளி பறந்துவிடும்.

அன்று மேசைமேல் ஒரு வென்டிலேட்டர். நுரையீரலுக்குப் பதில் ஒரு ரப்பர் பை. திரையில் இரண்டு கோடுகள்: மேலே, காற்று போகும் வேகம், கீழே, இதுவரை சேர்ந்த காற்று. பை மூச்சுவிட்டு முடித்த பிறகும் கீழ்க்கோடு பூஜ்யத்துக்கு இறங்கவில்லை. கசிவு என்று தீர்ப்பெழுதி எல்லாக் குழாய்களையும் மாற்றினேன். கோடு மசியவில்லை.

"என்ன மாமா, குழாயடிச் சண்டையா?" என்றான் பக்கத்து மேசையில் இருந்த என் மைத்துனன்.

"சும்மா இரு மாப்ளே. மூச்சை நிறுத்திப் பாக்கப்போறேன்."

"யாரோடத?"

திரையை ஓடவிட்டு, இயந்திரம் காற்று தள்ளுவதை மட்டும் நிறுத்தினேன். பை அசையாமல் கிடந்தது. கீழ்க்கோடு மட்டும் ஏறிக்கொண்டே போனது, அளவுகோல் வைத்து இழுத்தது போல நேராக. காற்றே போகாதபோது எது சேர்கிறது?

மேல்கோட்டைப் பெரிதாக்கினேன். பூஜ்யத்தில் படுத்திருக்க வேண்டியது ஒரு மயிரிழை மேலே மிதந்தது. காற்றை அளக்கும் சென்சார், இல்லாத காற்றை இருப்பதாகச் சொல்ல, இயந்திரம் அதை நொடிக்கு நொடி கூட்டி மலையாக்கியிருந்தது.

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. மேல்கோட்டின் அடியிலுள்ள பரப்பைச் சேர்த்துக்கொண்டே போனால் கீழ்க்கோடு. கீழ்க்கோடு எவ்வளவு செங்குத்தாக ஏறுகிறது என்று பார்த்தால் அதே மயிரிழை, மேல்கோடு. சேர்த்ததன் வேகத்தைக் கேட்டால், எதைச் சேர்த்தோமோ அதுவே திரும்பி வருகிறது!

சென்சாரைச் சரிசெய்தேன். கீழ்க்கோடு படுத்தது. நான் படுக்கவில்லை.

"மாப்ளே, ஒரு கோடு போடு. அதோட சரிவை நான் வரையறேன்."

வேண்டுமென்றே பாம்பு போலப் போட்டான். தப்பாக வரைந்தேன்.

"மாமா, உச்சியில சரிவு ஏது?"

"சரிடா. வேற போடு."

தேர்வு நாள் வரை சாப்பாட்டு இடைவேளைதோறும் பாம்புகளை விட்டு என்னைக் கடிக்கவைத்தான்.

முடிவு வந்த அன்று மனைவி கேட்டாள்: "எத்தனை மார்க்?"

"பாஸ்."

"எத்தனைன்னு கேட்டேன்."

"பாஸ்னு சொல்றேன்ல!"

அதற்குமேல் கேட்கவில்லை. தம்பிக்குப் போன் போட்டு, "உன் மாமா தேறிட்டாருடா" என்றாள்.