இருபத்தைந்தாவது கதவு

“நீங்கதானுங்களா தட்டுனது?”

“எதை?”

“கீழ இருக்கற பழைய சர்வரை. ஒரே நேரத்துல எல்லாக் கதவையும் படபடன்னு தட்டியிருக்கீங்க. பாவம், மயங்கி விழுந்துருச்சுங்க.”

“ஐயையோ. பயிற்சிக்குன்னு குடுத்ததுதானே சார் அது?”

“பயிற்சிக்குத்தானுங்க. கொல்றதுக்கில்லைங்களே.”

அதுதான் உமாசங்கர் கிரிஜாவிடம் பேசிய முதல் பேச்சு. மழைக்காலம் தொடங்கிய சமயம். மெஷின் ரூம் குளிருக்காகப் போட்டிருந்த சாம்பல் நிற ஸ்வெட்டரைக் கழற்றாமலே மூன்றாவது மாடிக்கு ஏறி வந்திருந்தான். சண்டைக்கு வந்தவன் போலத்தான் தெரிந்தது. ஆனால் ‘பாவம்’ என்று சொன்னபோது மட்டும், காய்ச்சலில் படுத்திருக்கும் குழந்தையைப் பற்றிப் பேசுவது போல அவன் குரல் தணிந்தது. இப்போது, பாதி எழுதிய அறிக்கையின் முன்னால் உட்கார்ந்திருந்த கிரிஜாவுக்கு அந்தக் குரல்தான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்துகொண்டிருந்தது.

மாதாப்பூரில் அவள் வேலை பார்த்த கம்பெனி அந்த வருடம்தான் புதிதாக ஒரு குழுவைத் தொடங்கியிருந்தது. வாடிக்கையாளர் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால், அவருடைய கம்ப்யூட்டர்களுக்குள் திருடனைப் போல நுழைய முயன்று, எங்கே ஓட்டை இருக்கிறது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். குழுவின் தலைவி ஸ்மிதா, பயிற்சிக்காகத் தரைத்தளத்து மெஷின் ரூமிலிருந்த சில பழைய சர்வர்களைக் கேட்டு வாங்கினாள். அவற்றைப் பார்த்துக்கொள்வது உமாசங்கர்.

மவுஸுக்கு வேலையில்லாத கறுப்புத் திரை. எல்லாமே தட்டச்சுதான். முதலில் ‘பிங்’ என்று அடித்து, மெஷின் உயிரோடு இருக்கிறதா என்று கேட்க வேண்டும். அடுத்து ஸ்கேன். சர்வரின் கதவுகளுக்கெல்லாம் எண் உண்டு. எவை திறந்திருக்கின்றன என்று அது சொல்லும். பிறகு டெல்நெட் என்ற கட்டளையைப் போட்டு, திறந்த கதவின் முன்னால் போய் நிற்க வேண்டும். உள்ளே இருக்கும் மென்பொருள் தன் பெயரையும் வயதையும் ஒரே வரியில் சொல்லி வரவேற்கும். “வீட்டுக்காரனே வாசல்ல எழுதி வெச்ச மாதிரி. அதைப் படிச்சாலே பாதி வேலை முடிஞ்சுது” என்பாள் ஸ்மிதா.

முதல் நாள் அவசரத்தில் கிரிஜா ஸ்கேனை முழு வேகத்தில் ஓடவிட்டதில்தான் அந்த மெஷின் விழுந்தது. மறுநாள் வேகத்தைக் குறைத்து, ஒவ்வொரு கதவாக, பொறுமையாகத் தட்டினாள். மெயிலுக்கான கதவு இருபத்தைந்தாம் எண். அங்கே போய் நின்றபோது மென்பொருளின் பெயர் வரவில்லை. ஆங்கில எழுத்துகளில் தமிழ் வந்தது.

‘மெதுவா தட்டுனதுக்கு நன்றிங்க.’

அவள் வாய்விட்டுச் சிரித்ததில் பக்கத்து மேஜை அபிநவ் தலையைத் தூக்கிப் பார்த்தான். அந்தக் கதவில் ஒரு வழக்கம் உண்டு. வருபவர் முதலில் ஹலோ சொல்லி, தான் யார் என்று சொல்ல வேண்டும். கிரிஜா ஹலோவுக்குப் பக்கத்தில் தன் மெஷினின் பெயரைப் போடாமல், ‘பேஷன்ட் இப்ப எப்படி இருக்கார்?’ என்று அடித்தாள். சர்வருக்கு அது புரியாது. ஆனால் வந்தவர் சொன்னதை அப்படியே லாக் என்னும் பதிவேட்டில் பதிந்துகொள்ளும். தினமும் காலையில் அந்த லாகைப் படிப்பது உமாசங்கரின் வேலை; வாசல் வரியை மாற்றி எழுதக்கூடியவனும் அவன்தான்.

மறுநாள் வாசலில் பதில் இருந்தது. ‘கஞ்சி குடிச்சாருங்க.’

அதன்பின் நாளுக்கு ஒரு வரி. அவன் அப்பா வேதாசலம் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து இங்கே பாதுகாப்புத்துறை வேலைக்கு வந்ததும், அவன் அம்மாவுக்கு இன்னும் தெலுங்கு வராததும், கூகட்பல்லி பஸ்ஸில் அவன் வரிசையாகக் குடைகளைத் தொலைத்ததும் கிரிஜாவுக்கு அந்த வாசலில்தான் தெரிந்தது. தனக்கு ஒரு கல்யாணம் நடந்து முடிந்துபோனதை அவளும் அங்கேதான் சொன்னாள். அடுத்த நாள் அவன் எழுதியிருந்தது: ‘சொன்னதுக்கு நன்றிங்க. இன்னிக்கு கேன்டீன்ல சேமியா பாயசம். விட்டுறாதீங்க.’ அன்று மத்தியானம் அவள் பாயசத்தை விடவில்லை. அதே கேன்டீனில் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டால் மட்டும் இருவருக்கும் பேச்சு வராது. அவன் தட்டைப் பார்ப்பான். அவள் தண்ணீர் எடுக்க எழுந்துவிடுவாள்.

மாரேட்பல்லி வீட்டில் கல்யாணப் பேச்சை எடுப்பவர்கள், ரயில்வேயில் ஓய்வுபெற்ற அவள் அப்பா சந்தானத்தைத் தாண்டி அவளிடம் வர முடியாது. போன வாரம்கூட அத்தை போன் செய்தாள். கிரிஜா சமையலறையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். “நக்கோ அக்கா, வேண்டாம். அவளுக்கு இஷ்டமில்ல. ஒரு தடவை பட்டது போதும்” என்று அப்பா கூடத்திலிருந்து அவளுக்கும் சேர்த்துப் பதில் சொன்னார். போனை வைத்துவிட்டு வந்து, “கரெக்டா சொன்னேன்ல பேட்டா?” என்றார். அவர் முகத்தில் இருந்த கவலையைப் பார்த்து, “ஹவ்ப்பா” என்று ஊர்ப் பேச்சில் ஆமாம் போட்டாள். சொல்லிவிட்டு, ஆய்ந்து முடித்த கீரையையே மறுபடி ஆய்ந்தாள்.

இப்போது பயிற்சி முடிந்து, அவள் பெயரில் முதல் அறிக்கை போகவிருந்தது. கண்டதையெல்லாம் எழுத வேண்டும். யார் வந்து தட்டினாலும் இருபத்தைந்தாவது கதவில் கதை பேசுகிறது அந்த சர்வர் என்பதும் கண்டதுதான். எழுதினால் அந்த வரி அழியும்; மேலிடத்தில் உமாசங்கரைக் கேள்வி கேட்பார்கள். எழுதாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அவளுடைய கல்யாணத்திலும் அப்படித்தான் நடந்தது. நியூஜெர்சியில் மாப்பிள்ளைக்கு ஏற்கனவே ஒரு குடித்தனம் இருந்தது பெண் பார்க்க வந்தவர்களில் சிலருக்குத் தெரியும். நல்ல காரியம் கெட்டுவிடக் கூடாதென்று சொல்லாமல் விட்டார்கள். எல்லோரும் நல்லவர்கள்தான்.

கிரிஜா அந்தக் கதவின் பேச்சையும் ஒரு பாயிண்டாக எழுதினாள். கீழே, ‘பதில் அனுப்பிக்கொண்டிருந்தது நான்’ என்று சேர்த்தாள். ஸ்மிதாவுக்கும், விதிப்படி மெஷின் ரூமுக்கும் அனுப்பிவிட்டுக் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் ஸ்மிதா நாற்காலியோடு உருண்டு வந்தாள்.

“ஏம்மா, நீங்க ரெண்டு பேரும் மெயில் சர்வர் வாசல்ல நின்னு பேசிட்டு இருந்தீங்களா?”

“ஹவ்.”

“எப்பலருந்து?”

“மழை ஆரம்பிச்சதுலருந்து.”

“அடிப்பாவி! மனுஷனுக்கு எக்ஸ்டென்ஷன் நம்பர் இருக்கு, கேன்டீன் இருக்கு, லிஃப்ட் இருக்கு.” சிரிப்பை அடக்கிக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள். “அவர்கிட்ட முன்னாடியே சொன்னியா?”

“இல்ல. சொன்னா மாத்திடுவார். அப்புறம் டெஸ்ட்டுன்னு எதுக்கு?”

ஸ்மிதா அவளைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தாள். “பாயிண்ட் இருக்கட்டும். எடுக்க முடியாது. மேலருந்து யாராவது கேட்டா நான் பாத்துக்கறேன்.”

மத்தியானம் கிரிஜா மறுபடி அந்தக் கதவின் முன்னால் போய் நின்றாள். ஒரு எண் மட்டும் வந்தது. பெயரில்லை, வயதில்லை, ஒரு சொல் இல்லை. கர்சர் விட்டுவிட்டு மினுங்கியது. சரியாகத்தான் மூடியிருக்கிறான். ஹலோ என்று அடித்தவள், பக்கத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் அழித்தாள். எழுந்து, லிஃப்டுக்குக் காத்திராமல் படியில் இறங்கினாள்.

மெஷின் ரூமில் ஏசியும் விசிறிகளும் சேர்ந்து இரைந்தன. அடுக்குகளுக்குப் பின்னால் கேபிளோடு குந்தியிருந்த உமாசங்கர் அவளைப் பார்த்ததும் எழுந்தான். பேச்சைக் கேட்க இருவரும் கதவருகே நெருங்கி வரவேண்டியிருந்தது.

“மூடிட்டேனுங்க.”

“பாத்தேன்.”

“சரியாத்தான் எழுதியிருக்கீங்க. ஆனா உங்க பேரை எதுக்குங்க போட்டீங்க? உங்களுக்கு ஒண்ணும் பிரச்சனை ஆகலீங்களே?”

“எனக்கில்ல. உங்களுக்கு?”

“திட்டுவாங்க. வாங்கிக்கலாமுங்க.” கேபிளைச் சுற்றிக்கொண்டே உள்ளே திரும்பினான். “பஸ்ல வர்றப்பவே இன்னிக்கு என்ன எழுதறதுன்னு யோசிச்சுப் பழகிருச்சு. வெறும் நம்பரைப் போடறதுக்குத்தான் கை வரலீங்க.”

அவன் அடுக்குகள் வரை போய்விட்டான். கிரிஜா வாசலிலேயே நின்றாள்.

“ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுக்கு வாங்களேன். அப்பா இருப்பார்.”

“என்னங்க? கேக்கலீங்க!” அவன் காதருகே கையைக் குவித்தான்.

அதையே திரும்பச் சொல்லலாம். வருவான். அப்பா அவனோடு ரயில்வே கதை பேசி, காபி கொடுத்து, கூடத்தில் உட்கார்ந்து அவளுக்கும் சேர்த்து ஒரு பதில் சொல்லி அனுப்பிவிடுவார். அவள் தலையாட்டுவாள்.

கிரிஜா ஒரு எட்டு உள்ளே வைத்தாள். கனமான கதவு அவளுக்குப் பின்னால் தானாக மூடிக்கொண்டது. அத்தனை விசிறிகளுக்கும் மேலே கேட்கும்படி, ‘சார்’ போடாமல் முதல்தடவையாக அவன் பெயரைச் சொன்னாள்.

“உமாசங்கர், என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறீங்களா?”

காதருகே குவித்த கை அப்படியே நின்றது. அவன் பின்னால், அடுக்கு முழுக்கச் சின்னச் சின்னப் பச்சை விளக்குகள் விட்டுவிட்டு மினுங்கிக்கொண்டிருந்தன.